பாகம் ஏழின் உதாரணம்

உயிரோடு இருப்பதற்கு விலை நூற்றுப் பதினெட்டு ரூபாய். நூறு கட்டணம், பதினெட்டு ஜி.எஸ்.டி. உத்தமபாளையத்தில் மேட்டு வாய்க்கால் நீர்ப் பங்கீட்டுக் கழகத்தின் மூன்றாவது ஜன்னலில் கட்ட வேண்டும். சில்லறையாகக் கொண்டுபோவது நல்லது.

அம்மாவாசி அதை நூறுக்குக் கேட்டுப் பார்த்தார். காமயகவுண்டன்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்துக்கொண்டு, கம்பத்துத் தரகர்களோடும் மலையைத் தாண்டி வரும் மலையாள லாரிக்காரர்களோடும் ஆயுசில் பாதியை மல்லுக்கட்டியே கழித்த மனிதர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியது கிடையாது. தாலி வாங்கப் போன இடத்திலும் செய்கூலியைக் குறைத்துவிட்டுத்தான் வந்தார்.

"பதினெட்டத் தள்ளிக்கிருங்கம்மா. நான் செத்துப்போனேன்னு எழுதுனது நீங்க. அதுக்கு நான் வரி கட்டணுமா?"

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பவானி, ஆவணப் பிரிவு அலுவலர். கெட்டவர் இல்லை. கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார், அவ்வளவுதான்.

"செத்ததுக்கு வரி இல்லண்ணே. அது இலவசம். திரும்பி வர்றதுதான் சேவைல வருது."

அம்மாவாசி கட்டினார். ரசீது வந்தது. செலுத்தியவர் என்ற இடத்தில் 'அமரர் அம்மாவாசி' என்றும், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'உதாரணம்' என்றும் அச்சாகியிருந்தது.

இந்தக் கோளாறு எங்கே தொடங்கியது என்று சொல்லிவிட வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கழகம் வாய்க்கால் மடைகளுக்கெல்லாம் மோட்டார் வைத்தது. யார் வயலுக்கு எப்போது முறை என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். மடையைத் திறக்கும், பாயும் தண்ணீரை அளக்கும், மூடும், போனுக்கு மெசேஜ் போடும். அந்தப் புரோகிராமை எழுதியவன் அல்தாப், உத்தமபாளையத்துப் பையன், ஒப்பந்த ஊழியன். வேலை முடிந்ததும் கழகம் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவன் கோயம்புத்தூர் போய்விட்டான். போகும்போது தன் தலையையும் கொண்டுபோய்விட்டான் என்பது தணிக்கைக்காரர்கள் வந்தபோதுதான் தெரிந்தது.

"இந்தப் புரோகிராம் என்ன செய்யுது? எழுதி வச்ச கையேடு எங்கே?" என்று அவர்கள் கேட்டார்கள். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மடை திறந்தது, மூடியது, சம்பளமும் வந்தது.

அல்தாப்புக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் ஒப்பந்த ஊழியனிடம் போய் விளக்கம் கேட்பது நிர்வாக இயக்குநர் முத்துராமலிங்கத்துக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு புரோகிராமை வாங்கினார். அது அல்தாப் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்து, எந்த வரி என்ன செய்கிறது என்று தானாகவே கையேடு எழுதிவிடும். தினமும் விடியும்போது புதிதாக எழுதும். நிரலில் ஒரு வார்த்தை மாறினாலும் மறுநாள் கையேட்டில் வந்துவிடும்.

தொடக்க விழாவில் பிரிண்டருக்கு மாலை போட்டார்கள். சந்தனம் வைத்தார்கள். கைதட்டுவதற்கு விவசாயிகளை வேனில் ஏற்றி வந்தார்கள். அவர்களில் அம்மாவாசியும் ஒருத்தர். இயக்குநர் பேசினார்:

"மனுஷன் மறப்பான். லீவு போடுவான். ஏன்னு கேட்டா முழிப்பான். இந்தக் கையேடு முழிக்காது. ஏன் என்பதற்கு நிரலில் இடம் கிடையாது. ஆகவே கையேட்டிலும் கிடையாது. ஆகவே இன்று முதல் இந்த அலுவலகத்திலும் கிடையாது! இனிமேல் இங்கே யாரும் எதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

அம்மாவாசியும் நன்றாகவே கைதட்டினார்.

அந்தக் கையேட்டின் ஏழாம் பாகம் துக்கத்தைப் பற்றியது.

மேட்டு வாய்க்கால்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் வரைக்கும் அந்த வீட்டார் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அவர்களுடைய முறைத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பக்கத்து வயல்காரர் வருவார். சாப்பிடுவார். போகும்போது ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போவார். தண்ணீர் திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

வழக்கங்களைக் கேட்டு எழுத அல்தாப் ஊர் ஊராக வந்தபோது, தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும் என்பதை எல்லாரும் சொன்னார்கள். திரும்பி வரும் என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வது பக்கத்து வயல்காரரை ஊரறியச் சந்தேகப்படுவது போல. மரியாதை தெரிந்த யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஆகவே நிரலில் தண்ணீர் போனது; வரவில்லை.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க அல்தாப்புக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே அம்மாவாசி நின்று வாட்ச்மேனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அல்தாப் அந்தப் பெயரையே தட்டினான். இறந்தவர்: அம்மாவாசி. புரோகிராம் சரியாக வேலை செய்தது. அவன் டீ குடிக்கப் போய்விட்டான். அந்த வரி அங்கேயே கிடந்தது.

ஏலக்காய் வியாபாரி மாதிரிக்கு ஒரு கை அள்ளிக் காட்டுவார். பார்த்து முடிந்ததும் அந்தக் கையைத் திரும்ப மூட்டைக்குள்ளேயே போட்டுவிடுவார். கழகத்தில் திரும்பப் போட ஆள் இல்லை.

இப்படியாக, கையேட்டின் ஏழாம் பாகம் வெளிவந்தது. 'பயனாளி இறப்பின் அவரது முறை அடுத்த வயலுக்கு மாறும். உதாரணம்: அம்மாவாசி, காமயகவுண்டன்பட்டி.' அதுவரைக்கும் யாருக்கும் சேதமில்லை. ஆனால் இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: பதிவேடுகளுக்கும் கையேட்டுக்கும் வேறுபாடு இருந்தால், பதிவேடுகளைக் கையேட்டின்படி திருத்த வேண்டும்.

திருத்தினார்கள்.

கிளை கழிக்கும் கவாத்து முடிந்து, திராட்சைக் கொடிகள் தளிர்விட்டுப் பூக்கொத்து காட்டுகிற சமயம். பந்தலுக்கு இப்போது தண்ணீர் தப்பினால் பூ உதிரும். பிறகு ஆறே பாய்ந்தாலும் காய் பிடிக்காது. முறை நாளில் அம்மாவாசி மடையோரம் போய் நின்றார். பக்கத்து வயல் கருத்தக்கண்ணனின் மடை திறந்தது. இவருடைய மடையில் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. போனில் மெசேஜ் வந்தது. மனைவி மூக்கம்மாளிடம் நீட்டினார்.

"கழகம் தங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறது," என்று அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஏய்யா, யாரு செத்தது?"

"நாந்தானாம்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

கருத்தக்கண்ணன் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று தலையைச் சொறிந்தார். அவருக்கு இரண்டு பங்குத் தண்ணீர். "நான் என்னத்தச் செய்ய மாப்ள? தொறந்துவிட்டாக, பாயுது."

"பாயட்டும் பாயட்டும். நாளைக்கு ஆபீஸ்ல போயி ஒரு கை பாக்குறேன்."

அந்த ஒரு கைதான் நூற்றுப் பதினெட்டு ரூபாயில் முடிந்தது.

ரசீதை வைத்துக்கொண்டு அவர் திரும்பவும் பவானியிடம் கேட்டார். "கட்டியாச்சும்மா. எப்ப உசுர் குடுப்பீக?"

பவானி கையேட்டைப் புரட்டினார். "வெறும் செத்தவுகன்னா ஒரு நாள்ல திருத்திரலாம்ண்ணே. எத்தனையோ பேருக்குத் திருத்தியிருக்கோம். நீங்க உதாரணம். உதாரணத்த எடுத்தா விளக்கம் நிக்காது. விளக்கம் நிக்கலன்னா பாகம் ஏழு நிக்காது."

"நான் நிக்கிறனேம்மா, உங்க முன்னாடி!"

"அதக் குறிச்சுக்கிறேன்," என்று பவானி பரிவோடு சொல்லி, நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில் தட்டினார்: இவர் நேரில் வந்தார்.

மறுநாள் விடிந்ததும் கையேடு புதிதாக வந்தது. பாகம் ஏழில் ஒரு வரி கூடியிருந்தது. 'இறந்த பயனாளிகள் நேரில் வரக்கூடும்.' அதைப் படித்த அலுவலகம், வராண்டாவில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துவிட்டது. நாற்காலி இல்லையென்று அவர் சத்தம் போட்டார். பவானி அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த நாள்: 'வருபவை ஓசை எழுப்பலாம். பதில் தேவையில்லை.' அதற்கப்புறம் அவரை யாரும் தடுக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. வாட்ச்மேன் சண்டைக்குக்கூட வரவில்லை. அம்மாவாசி ஏச்சுக்கும் பேச்சுக்கும் பழகியவர். எதிரில் ஆள் இருந்தும் பேச்சு விழாமல் போவது அவருக்குப் புதுசு.

ஒரு வாரத்தில் வேறு மாவட்டங்களிலிருந்து அதிகாரிகள் பயிற்சிக்கு வந்தார்கள். இயக்குநர் அவரை அறை நடுவில் நிறுத்தினார்.

"பார்த்துக்கொள்ளுங்கள். பல அலுவலகங்களில் கையேடு இருக்கும், நேரில் பார்த்தால் ஒன்றும் ஒத்துப்போகாது. இங்கே அப்படி இல்லை. உதாரணம் உயிரோடு இருக்கிறது."

"ஆமா சார், அதைத்தானே நானும் சொல்றேன்! உசுரோட இருக்கேன்னு நீங்களே சொல்லிட்டீகல்ல?"

வந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வெளியே வரும்போதுதான் அம்மாவாசி அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். 'கீழ்க்கண்ட பாகங்களுக்கு உதாரணம் இல்லை என்று கையேடு குறை காட்டுகிறது. பாகம் ஒன்பது: கசிவு. பாகம் பதினொன்று: அனுமதியின்றி நிரலைத் தொடுதல். பாகம் பதினான்கு: நில நீக்கம். மேலும் பதினாறு பாகங்கள். விரைவில் நிரப்பப்படும்.' அதைப் படித்த விவசாயிகள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மூன்றாவது ஜன்னலில் புகார் கொடுக்க ஒருத்தரும் இல்லை.

அம்மாவாசி அல்தாப்பைப் பிடித்தார். பக்ரீத்துக்கு ஊருக்கு வந்திருந்தவனை, புதுச் சட்டை கசங்குவதற்குள் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏலே, உன்னை நான் என்ன பண்ணேன்? ஊர்ல வேற பேரே கெடைக்கலையா?"

"வாய்ல வந்தது உங்க பேரு மாமா. ஒரே வரி. அழிச்சா முடிஞ்சது. உக்கார்ற நேரம்கூட ஆகாது."

இயக்குநர் அவனை நிற்க வைத்தே பேசினார். "நீங்க எழுதினதா சொல்றீங்க. கையேட்டில் அப்படி எங்கேயும் இல்லையே தம்பி. இது தானாக உருவானது."

"கையேடு தானா வந்தது சார். நிரல நான்தான் எழுதுனேன். மேல என் பேர் இருக்கும்."

"இருந்தது. கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை என்பதால் எடுத்துவிட்டோம்."

"சரி சார். கம்ப்யூட்டரக் குடுங்க, அந்த ஒரு வரிய எடுத்துருறேன். அது சும்மா சோதனைக்குப் போட்டது. இவரு செத்ததா நான் ஒருநாளும் நினைக்கல."

"நீங்கள் நினைத்தது உங்கள் தலையில் இருக்கிறது. நிரலில் இருப்பதுதான் எங்களுக்குத் தெரியும். உங்கள் தலையை நம்பி நடந்த காலத்தில் இந்தக் கழகம் பட்ட பாடு போதும்." இயக்குநர் சிரித்தார். கம்ப்யூட்டரைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். மிகவும் மரியாதையாக, "தாராளமாகத் தொடுங்கள். பாகம் பதினொன்று காலியாகத்தான் இருக்கிறது," என்றார்.

அல்தாப்பின் விரல் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றது. கதவோரம் பவானி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து அறையில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

விரல் மடங்கிக்கொண்டது.

"மாமா," என்றான் வெளியே வந்ததும், அவர் முகத்தைப் பார்க்காமல். "எனக்குக் கோயம்புத்தூர்ல வீட்டு லோன் ஓடுது." சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டான்.

பந்தலில் பூக்கொத்துகள் தலை தொங்கத் தொடங்கின. கையால் தட்டினால் தூசி மாதிரி உதிர்ந்தன. மூக்கம்மாள் அடிக்கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னம் நாலஞ்சு நாள் தாங்கும். அம்புட்டுத்தான். ஏய்யா, செத்தா தண்ணி கருத்தக்கண்ணனுக்குப் போகணும்னுதானே அவுக புத்தகம் சொல்லுது?"

"ஆமா."

"பதினாறு கும்பிட்டா திரும்பி வரணும்ல? அது நம்ம வழக்கம். அவுக புத்தகத்தக் கேக்க வேணாம். கும்பிட்டுருவோம்."

"யாருக்குடி?"

"உனக்குத்தான்."

வீட்டு முன்னால் சாமியானா போட்டார்கள். வடை, பாயசத்தோடு சாப்பாடு. வந்த சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள்: "யாருக்குப்பா விசேஷம்?"

"எனக்குத்தான். வாங்க, மொதப் பந்தி உக்காருங்க," என்று அம்மாவாசியே இலை போட்டார். ஒப்பாரி வைக்க வந்த அத்தைக்காரி ஒருத்தி, ஆளைப் பார்த்ததும் திகைத்து, எடுத்த குரலை என்ன செய்வதென்று தெரியாமல் பாயசம் கேட்டாள். மூக்கம்மாள் குங்குமத்தை அழிக்கவில்லை. "அத மட்டும் எவனும் கேக்கக்கூடாது," என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கழகத்திலிருந்து பவானி மலர்வளையம் கொண்டுவந்தார். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மாவாசியின் கையிலேயே கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் பழக்க தோஷத்தில் பூ என்ன விலை என்று கேட்டார்.

கருத்தக்கண்ணன் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். கை கழுவினார். கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வயலுக்குப் போய் மண்வெட்டியைக் கொண்டுவந்து வாசலில் சாத்தினார்.

"துக்கம் கழிஞ்சது மாப்ள," என்றார். "எனக்கும் உறுத்தலாத்தான் இருந்துச்சு."

மடை கம்ப்யூட்டர் கையில் இருந்தது. வரப்பு இவர்கள் கையில் இருந்தது. அடுத்த முறை வந்ததும் கருத்தக்கண்ணனே வரப்பை வெட்டிவிட்டார். செம்மண் கரைந்த தண்ணீர் பந்தலுக்குள் நுழைந்து கொடிக்குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பியது. அம்மாவாசி அதில் இறங்கி நின்றார். மூக்கம்மாள் சிரித்ததைப் பார்த்து நாளாகியிருந்தது.

பாதிப் பந்தல் நனைந்ததுமே மடை மூடிக்கொண்டது. கருத்தக்கண்ணனின் போன் அடித்தது. படித்தார். முகம் சுண்டிப்போனது. போனை அம்மாவாசியிடம் நீட்டினார்.

'பாகம் ஒன்பது, கசிவு. உதாரணம் கிடைத்துவிட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இரண்டு மடையிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வயல் என்று நிரலுக்குத் தெரிந்தது அதோடு முடிந்துவிட்டது. மேற்கொண்டு தண்ணீர் எங்கே போவதென்று அது யோசிக்கவில்லை. வாய்க்கால் கோடியில் மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் மடை திறந்து, இரண்டு பேருடைய முறையும் ஓடைக்குள் சலசலத்துக்கொண்டு போனது. கருத்தக்கண்ணன் குனிந்து, தான் வெட்டிய வரப்பைத் தானே அடைக்க ஆரம்பித்தார்.

"மச்சான், இங்கன பாரு," என்றார் அம்மாவாசி.

அவர் பார்க்கவில்லை. "பாகம் பதினாலு இன்னம் காலியா இருக்கு மாப்ள. எனக்கு ரெண்டு பிள்ளைக," என்றார் மண்ணைப் பார்த்துக்கொண்டே.

அடைத்து முடித்ததும் மண்வெட்டியால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார், கசியாமல் இருப்பதற்காக.

அறுவடைக் காலத்தில் வழக்கமான மலையாள வியாபாரி லாரியோடு வந்தார். வருஷாவருஷம் அம்மாவாசியோடு தொண்டை வறள விலை பேசி, பேச்சு முறிந்து, லாரி வரைக்கும் போய்த் திரும்பி வந்து வாங்குகிறவர். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார். நனைந்த பாதியில் கொத்துக்கு நாலு காய் தொங்கியது, மீதிப் பாதியில் காம்பு தொங்கியது. அண்ணாந்து பார்த்தபடியே கொஞ்ச தூரம் நடந்தார்.

"சொல்லு சேட்டா, என்ன வெல?" என்றார் அம்மாவாசி. குரலில் பழைய முறுக்கு இருந்தது. எவ்வளவு கேட்டாலும் மறுக்க வேண்டும் என்று தயாராக நின்றார்.

வியாபாரி விலை கேட்கவில்லை. அம்மாவாசியின் தோளில் கையை வைத்து, எடுத்து, லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பாசன ஆண்டு முடிந்ததும் கழகத்தின் கணக்கு வெளிவந்தது. அதையும் கையேட்டுப் புரோகிராம்தான் தானாக எழுதியிருந்தது. பிழை எதுவும் இல்லையென்று தணிக்கைக்காரர்கள் பாராட்டியிருந்தார்கள்.

வாய்க்காலில் வந்த தண்ணீர்: நூறு பங்கு.
வயலுக்குப் பாய்ந்தது: அறுபத்து மூன்று.
ஓடைக்குப் பாய்ந்தது: முப்பத்தேழு.
வித்தியாசம்: இல்லை.
பெறப்பட்ட புகார்கள்: இல்லை.
உதாரணங்கள், ஆண்டுத் தொடக்கத்தில்: ஒன்று.
ஆண்டில் சேர்ந்தவை: பத்தொன்பது.
நீக்கப்பட்டவை: இல்லை.
கையிருப்பு: இருபது.
கணக்கு நேர்.